மறைவறை போன ஊர்

காற்றாலைகள் நாலு பக்கமும் சுற்றிக்கொண்டு நிற்கிற சாம்பல்பொத்தையில், ஆடிக்காற்று தொடங்கிய வாரத்தில் அரிசிமில் வீட்டுப் பெரியவர் செத்துப்போய், தெருப் பெண்கள் பந்தலுக்குள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தை வைத்துக் கட்டிக்கொண்டு அழுதபோதுதான், ஒருத்தியின் முதுகை இன்னொருத்தி முதன்முதலாக வாசித்தாள். ரவிக்கைக்கு மேல், சேலைத் தலைப்புக்கும் மேல், வியர்வை ஊறிப் பரவுவது மாதிரி எழுத்துகள் ஏறியிருந்தன. வெளுத்த துணியில் கறுப்பாகவும், கறுத்த துணியில் வெளுப்பாகவும், கண்ணாடி போடாதவர்கள்கூடப் படிக்கிற அளவுக்குத் தெளிவாகவும் இருந்தன. யாரும் கத்தவில்லை. அழுகை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒவ்வொருத்தியும் எதிரே இருந்த முதுகை ஒருமுறை வாசித்து, சந்தேகம் தீர இன்னொரு முறையும் வாசித்து, பிறகு தன் முதுகில் என்ன இருக்கிறதோ என்ற நினைப்பு வந்து அப்படியே விறைத்துப்போனாள்.

பூரணம் அப்போது பக்கத்து வீட்டுச் செண்பகத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். செண்பகத்தின் முதுகில் ‘உதட்டுக்கு மேல் முடி வளராமல் இருக்க’ என்று இருந்தது. பூரணத்துக்கு அந்த அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வரப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து, தன்னைச் சுற்றியிருந்த செண்பகத்தின் கைகள் மெதுவாகக் கழன்றுகொள்வதை உணர்ந்தாள்.

என்ன நடந்தது என்பது மறுநாளே ஊருக்குப் புரிந்துவிட்டது. சாம்பல்பொத்தையில் எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற சேவியர் கடையில்தான் போன் வாங்குவார்கள். சேவியர் எல்லாப் போனிலும் ‘மின்னல்’ என்ற ஒரே பிரவுசரைத்தான் ஏற்றிக் கொடுப்பான். அதில் ஓரமாக ஒரு சின்னக் கதவுப் படம் இருக்கும். பெருவிரலை வைத்தால் திறக்கும். உள்ளே என்ன கேட்டாலும், என்ன பார்த்தாலும், வெளியே வந்தவுடன் ஒரு தடயம் மிச்சமிருக்காது. அதற்கு மறைவறை என்று பெயர். ஆண்களுக்கு அதைச் சிரித்துக்கொண்டும், பெண்களுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டும் சேவியர் சொல்லிக்கொடுத்திருந்தான். அந்த வாரம் மின்னலுக்கு அப்டேட் வந்தது. எல்லோரும் வழக்கம்போலப் படிக்காமல் சம்மதம் என்று தட்டினார்கள். கதவுப் படம் காணாமல்போனது. அந்த அறைக்குள் இத்தனை காலம் ஊர் கொண்டுபோய்ப் போட்டதெல்லாம் இருக்க இடமில்லாமல், போட்டவர்கள் முதுகிலேயே வந்து ஏறிக்கொண்டது. இதில் விளங்காதது எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. குளம் தூர்ந்தால் தண்ணீர் தெருவுக்குத்தானே வரும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

தலைமை ஆசிரியர் முதுகில் மிகச் சாதாரணமான ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்துக்கூட்டு கேட்ட கேள்வி இருந்தது. பெருமாள் கோயில் பட்டர் முதுகில் ‘சர்க்கரை இருப்பவர் தினமும் பொங்கல் சாப்பிடலாமா’ என்று இருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் ஒருவாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவர் முதுகில் இருந்ததைப் பற்றி அவருடைய மனைவி இன்றுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. நிச்சயம் முடிந்திருந்த ஒரு பெண்ணின் முதுகில் வேறொருவன் பேரும் அவன் ஊருக்குப் போகும் ரயில் நேரமும் இருந்தன. மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். துண்டு போட்டார்கள், போர்வை போர்த்தினார்கள், ஒருவர் சாக்கைக்கூட மாட்டிக்கொண்டு பார்த்தார்; எதைப் போட்டாலும் எழுத்து அதற்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. டீக்கடை பெஞ்சுகள் சுவரோடு ஒட்டின. பஸ்ஸில் கடைசி வரிசைக்குத்தான் முதலில் அடிதடி நடந்தது. கோயிலில் வரிசையில் நிற்பது போய், எல்லோரும் சுவரோரமாக முதுகைத் தேய்த்துக்கொண்டே நண்டு மாதிரி நகர்ந்து சாமி பார்த்தார்கள்.

கடைசியில் கல்யாண மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டு, இனிமேல் யாரும் யார் முதுகையும் வாசிக்கக் கூடாது, கண்ணில் பட்டாலும் படாதது மாதிரிப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எல்லோருக்கும் உயிர் வந்தது. தலைமை ஆசிரியர்தான் முதலில் கைதட்டினார். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு குரல் கேட்டது. செண்பகத்தின் குரல். அவள் யார் பேரையும் சொல்லவில்லை. மண்டபம் முழுக்கத் திரும்பி, கடைசி வரிசையில் தூணோடு ஒட்டி உட்கார்ந்திருந்த பூரணத்தைப் பார்த்தது.

அதுவரைக்கும் பூரணம் அந்த ஊருக்கு ஒரு பெருமை. அவள் புருஷன் ஆவுடையப்பன் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவர் சத்தம் போட்டால் பஸ் புறப்படுவது பொத்தைக் குன்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்பார்கள். ஒரு நாள் ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோதே விழுந்தார். வலது கை வலது காலோடு பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல். பசிக்கிறதா என்றாலும், வலிக்கிறதா என்றாலும், ஜன்னலைச் சாத்தவா என்றாலும், அவருக்கு வாயில் வந்தது ‘ரைட்’ ஒன்றுதான். அன்றிலிருந்து பூரணம் அவரைக் குளிப்பாட்டினாள், துடைத்தாள், புரட்டிப் படுக்க வைத்தாள், கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். புண் இல்லாத அவர் உடம்பைப் பார்த்துவிட்டுப் போகிற மாமியார்கள், வீட்டுக்குப் போய் மருமகளிடம் அந்தத் தெருவில் ஒரு பூரணம் இருக்கிறாள், போய்ப் பார் என்று சொல்லுவார்கள்.

விழுவதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்பதும் அந்தத் தெருவுக்குத் தெரியும். கடைசி டிரிப் முடிந்து வந்தவுடன் அவள் போனை வாங்கி, யாரோடு பேசினாய், என்ன பார்த்தாய் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார். பதில் பிடிக்காவிட்டால் இடுப்பு பெல்ட்டை உருவுவார். வாசல் கதவைச் சாத்திவிட்டு அடிக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. விழுந்த பிறகும் இடது கையை நீட்டி அவள் போனைக் கேட்டார். இடது பெருவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அதனால்தான் பூரணத்துக்கு அந்தச் சின்னக் கதவு அவ்வளவு பெரிதாக இருந்தது. அவருக்கு மருந்து கொடுத்து அவர் கண் செருகியதும், அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெருவிரலை வைத்துத் திறந்து, ஒரே ஒரு கேள்வியைக் கேட்பாள். இன்றைக்குக் கேட்டதையே நாளைக்கும் கேட்பாள். கேட்டுவிட்டு வந்தால், அவரைப் புரட்டக் கையில் தெம்பு வரும். சாகட்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. இது எங்கே போய் முடிகிறது என்று தெரிந்தால் அதுவரைக்கும் நடந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

அந்தக் கேள்வி இப்போது அவள் முதுகில் தோள்பட்டைக்குத் தோள்பட்டை இருந்தது: ‘பக்கவாதம் வந்தவர் எத்தனை வருஷம் உயிரோடு இருப்பார்?’

ஆவுடையப்பன் முதுகில் ஒன்றும் வரவில்லை. அவர் போனில் மறைவறையை அவர் ஒருநாளும் திறந்ததில்லை; ஒளித்துச் செய்ய அவருக்கு எதுவும் இருந்ததில்லை. ஊரிலேயே வெறும் முதுகு அவர் ஒருவருக்குத்தான் என்று தெரிந்ததும், பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து அவரைப் புரட்டச் சொல்லிப் பார்த்தார்கள். பால் மாதிரி இருக்கே என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஊர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. தலைமை ஆசிரியர் முதுகை யாரும் பார்க்கவில்லை, பட்டர் முதுகை யாரும் பார்க்கவில்லை, பஞ்சாயத்துத் தலைவர் தலைநிமிர்ந்து நடந்தார். அடுத்தவர் முதுகில் எல்லாம் அடக்கிவைத்த ஆசையை ஊர் பூரணத்தின் முதுகில் தீர்த்துக்கொண்டது. அவள் தண்ணீர்க் குடத்தோடு போனால் பின்னாலேயே வந்து வாசித்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் எழுத்துக்கூட்டி ராகம் போட்டுப் படித்தார்கள். ஒரு மளிகைக்கடைக்காரர் அவளிடம் அரளி வேண்டுமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

வீட்டில் மட்டும் அவள் புருஷனுக்கு முதுகைக் காட்டாமல் இருந்தாள். அறைக்குள் நேராக வந்து, பின்னால் பின்னால் நடந்து வெளியே போனாள். நிலைப்படி குதிங்காலில் இடித்து இடித்துத் தோல் உரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் அவருடைய தங்கை காந்திமதி பெட்டியோடு வந்து இறங்கினாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பூரணத்தின் இரண்டு தோளையும் பிடித்துக் கட்டிலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, அப்படியே திருப்பினாள்.

“வாசிண்ணே,” என்றாள்.

அவர் அவசரப்படவில்லை. கள்ள நோட்டு வந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாரே, அந்த மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். பூரணத்துக்கு எதிரே சுவர்தான் இருந்தது. சுவரில் ஒரு பல்லி. அந்தப் பல்லி ஓடி மறைகிற வரைக்கும் அவர் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் பின்னாலிருந்து “ரைட்” என்று கேட்டது.

காந்திமதி அடுப்படியை எடுத்துக்கொண்டாள். பூரணம் அரிசியைத் தொடக் கூடாது, தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது, மாத்திரை டப்பாவைத் தொடக் கூடாது. பீ மூத்திரம் அள்ளலாம், துணி துவைக்கலாம். தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்து, ஆவுடையப்பனுக்குப் போகிற கஞ்சியில் முதல் கரண்டியை வாயில் விட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, நல்லாத்தான் இருக்கு என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். செண்பகம் ஒருநாளும் தவறவில்லை. அவருக்கு ஒருத்தி முட்டை கொண்டுவந்தாள், ஒருத்தி ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தாள். அவர் எத்தனை வருஷம் இருப்பார் என்று ஒருத்தி கேட்டுவிட்டதால், அவரைச் சாகவிடாமல் வைத்திருப்பது ஊரின் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அவர் கன்னம் உப்பி, தோல் மினுங்கி, மாப்பிள்ளை மாதிரி ஆனார். பூரணம் பின்வாசல் படியில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டாள். அவர் துணியை எடுக்க அறைக்குள் வரும்போதெல்லாம் அவர் கண் அவள் கூடவே வந்து, கூடவே போனது.

ஐப்பசி மழை விட்டு வெளுத்த ஒரு காலையில் மின்னலுக்கு அடுத்த அப்டேட் வந்தது. உங்கள் விருப்பத்துக்கு இணங்க மறைவறை திரும்பி வந்துவிட்டது என்று போனில் நாலு வரி போட்டிருந்தார்கள். சம்மதம் தட்டத் தட்ட முதுகுகள் வெளுத்தன. தெருவில் ஆண்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். பட்டர் அன்றைக்கு இரண்டு மடங்கு பொங்கல் வைத்து எல்லோருக்கும் கொடுத்து, தானும் சாப்பிட்டார். பூரணத்தின் முதுகும் வெளுத்தது. அவள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் பக்கத்தில் இல்லை. தண்ணீர்க் குடத்தோடு போனபோது பிள்ளைகள் பின்னால் வந்து ராகம் போடாததை வைத்துத் தெரிந்துகொண்டாள்.

காந்திமதிக்கு அந்த வீடு சலித்துப்போய்க் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. தூக்கிப் புரட்டிப் புரட்டி அவளுக்கு இடுப்பு போய்விட்டது. மகளுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு வைக்க வேண்டும் என்று பெட்டியைக் கட்டினாள்.

“இப்பதான் உன் முதுகுல ஒண்ணும் இல்லியே மதினி,” என்றாள். “இனி நீயே பாத்துக்க.”

யாரும் பூரணத்திடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கஞ்சி ருசிபார்க்க வந்தவர்களும் அதோடு நின்றுபோனார்கள். அவளுக்கு அதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. அடுப்படியைக் கழுவிவிட்டு, நொய்க்கஞ்சி வைத்து, ஆற்றி, கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை நீட்டினாள்.

அவர் வாயைத் திறக்கவில்லை.

பசி இல்லையோ என்று நினைத்தாள். மத்தியானம் நீட்டினாள், திறக்கவில்லை. சாயந்தரம் நீட்டினாள், திறக்கவில்லை. உதட்டை உள்ளே இழுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். தண்ணீரைக்கூட வாங்கவில்லை. மறுநாள் அவள் பயந்துபோய்ச் செண்பகத்தைக் கூட்டிவந்தாள். செண்பகம் அதே கிண்ணத்தை வாங்கி, அதே கரண்டியில் எடுத்து நீட்டினாள். அவர் காக்கைக்குஞ்சு மாதிரி வாயைப் பிளந்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, இடது கையால் கிண்ணத்தைத் தட்டி இன்னும் கேட்டார்.

“நல்லாத்தானே சாப்பிடுதாவ,” என்று சொல்லிவிட்டுச் செண்பகம் பூரணத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

செண்பகம் போனதும் அவர் மறுபடி வாயை மூடிக்கொள்ள, நாலு நாள் பார்த்துவிட்டுப் பூரணம் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் சொன்னதும் ஆவுடையப்பன் வாயை அகலத் திறந்து காட்டினார், நாக்கை நீட்டினார், டாக்டர் கையால் கொடுத்த இளநீரை மடக் மடக்கென்று குடித்தார். தொண்டையில் ஒரு குறையும் இல்லை, பட்டினி கிடந்த உடம்பு மாதிரி இருக்கிறது, ஏன் இவ்வளவு நாள் கவனிக்கவில்லை என்று டாக்டர் அவளிடம் கேட்டார்.

அதன்பிறகு அவள் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஒரு கரண்டி ஊட்டிவிட்டுப் போங்க என்று கேட்டாள். முதலில் வந்தார்கள். அவர்கள் கையில் அவர் சாப்பிட்டார். போகும்போது அவர்கள் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் வேளாவேளைக்கு வந்து ஊட்ட யாருக்கு நேரம் இருக்கிறது? பிள்ளைக்குப் பரீட்சை என்றாள் ஒருத்தி. உன் புருஷனுக்கு நீதானே ஊட்டணும் என்றாள் இன்னொருத்தி. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. காந்திமதிக்குப் போன் பண்ணினாள். சாகடிக்கப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டுக் காந்திமதி போனை வைத்துவிட்டாள்.

அவர் கன்னம் வற்றியது. கழுத்தெலும்பு கிண்ணம் மாதிரிக் குழிந்தது. உடம்பு வற்ற வற்றக் கண் மட்டும் தெளிந்துகொண்டே வந்தது. ஒரு மத்தியானம் பூரணம் அவர் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து கேட்காத குரலில், நேருக்கு நேர் கேட்டாள்.

“என்னைக் கொலைகாரின்னு ஊர் சொல்லணும். அதுக்குத்தானே சாவுதீங்க?”

அவருடைய பாதி வாய் மேலே ஏறியது. மற்றப் பாதி அப்படியே கிடந்தது.

“ரைட்,” என்றார்.

அவளுக்கு அதற்குமேல் என்ன வந்ததென்று தெரியவில்லை. எழுந்து, அவர் தாடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, கரண்டியைப் பல்லுக்கு நடுவே விட்டு நெம்பினாள். சாப்பிடுங்க, சாப்பிட்டுத் தொலைங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன் என்று அழுதுகொண்டே நெம்பினாள். ஈறு கிழிந்து ரத்தம் கஞ்சியில் கலந்து தாடையில் வழிந்தது. முன்பல் ஒன்று அசைந்தது. அவர் அலறவில்லை. அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார். உறை ஊற்றக் கொஞ்சம் தயிர் வாங்க வந்த செண்பகம், டம்ளரோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

அந்த வாரத்திலேயே அவர் செத்தார். பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருக்க, காற்றாலை இறக்கையின் நிழல் அவர் மேல் வந்து வந்து போய்க்கொண்டிருந்தபோது, அவள் நீட்டிய கரண்டிக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டே செத்தார். அந்த வாயை மூடத் தாடையைச் சேர்த்துத் துணி கட்ட வேண்டிய அவசியம்கூட இல்லாமல்போயிற்று. குளிப்பாட்டும்போது எல்லோரும் அந்த வெறும் முதுகைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

போலீஸ் வரும் என்று பூரணம் எதிர்பார்த்தாள். காந்திமதி மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. காந்திமதி வந்தாள், அழுதாள், காரியம் முடிந்ததும் அண்ணன் மோதிரத்தை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது பூரணத்தின் கையைப் பிடித்து, விடு மதினி, நீயும் எத்தனை வருஷந்தான் பாப்ப என்று மெதுவாகச் சொன்னாள். ஊரும் அதையே சொன்னது. பாவம், பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள், என்ன செய்வாள் என்று சொன்னது. மளிகைக்கடைக்காரர் சிரிக்காமல் சாமான் கட்டிக்கொடுத்தார். யாரும் அவளைத் திட்டவில்லை, ஒதுக்கவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை என்று அவள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சரி சரி என்று அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் அவள் சொல்வதை நிறுத்தினாள். அவளை அடித்தவர்கூட அடித்த பிறகு இவ்வளவு அன்பாக இருந்ததில்லை.

தை பிறந்து ஒருநாள், சாப்பாட்டுக்குப் பிறகு தெரு அசந்து கிடக்கிற நேரத்தில், செண்பகம் வந்தாள். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தாள். மழை சரியில்லை என்றாள், பெரியவனுக்குச் சளி என்றாள், சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். அவள் மாமியார் கார்த்திகையில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து படுக்கையில் கிடப்பது பூரணத்துக்குத் தெரியும். அதைப் பற்றி விசாரித்தாள். செண்பகம் எழுந்துபோய் வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து, முன்னைவிட நெருங்கி உட்கார்ந்தாள்.

“போன்ல கேக்கப் பயமா இருக்குக்கா,” என்றாள். “அண்ணனுக்கு என்னத்தக் குடுத்த?”

பூரணம், “ஒண்ணும் குடுக்கல,” என்றாள். “வாயைத் திறக்கல அவரு. அவ்வளவுதான் நடந்துச்சு.”

பேரத்தில் முதல் விலையைக் கேட்டவள் மாதிரிச் செண்பகம் தலையை ஆட்டினாள். கோபம் இல்லை அவள் முகத்தில். பழத்தில் ஒன்றைப் பிய்த்துத் தோலை உரித்துப் பூரணத்தின் கையில் வைத்தாள். அவள் தின்று முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“சொல்லும்போது சொல்லுக்கா,” என்றாள். “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. எங்க அத்தைக்கு இன்னும் கஞ்சி இறங்குது.”